பால்சுறாவும் ஆக்காட்டியும்

அவித்த சுறாவின் தோலை உரிக்கும்போது எழும் நெடி முதலில் மூக்கைக் குத்தும். நனைந்த சாம்பலையும் பழைய சவர்க்காரத்தையும் ஒன்றாகக் குழைத்ததுபோல இருக்கும். பிறகு சதையை உதிர்த்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் உள்ளியும் போட்டு வறுக்கத் தொடங்கியதும் அந்தக் குத்தல் மெல்ல அடங்கி, வேலியைத் தாண்டிப் போகும் ஓர் இனிய மணமாக மாறிவிடும். எங்கள் ஊரில் எந்த வீட்டுக் "குசினி"யிலிருந்து அந்த மணம் வந்தாலும் அங்கே பிள்ளை பிறந்திருக்கிறது என்று எல்லாருக்கும் விளங்கும். பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா வறை கொடுக்கவேண்டும் என்பது வைத்தியர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நடந்தே தீரும் காரியம்.

அந்த வறையை ஊருக்கெல்லாம் வறுத்துக் கொடுத்தவள் என் தாயின் தங்கை, செசிலி சின்னம்மா. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடந்த மணல்மேட்டில் எங்கள் ஊர் இருந்தது. வாவியை நாங்கள் "ஆறு" என்றுதான் சொல்வோம். சின்னம்மா கரைவலை வாடியில், மீனவர் கொட்டிலில், மீன் வெட்டிக் கருவாடு போட்டாள். எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, கை நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பால்சுறாவைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வேலிக் கடப்படியில் போய் நிற்பாள். அவளுடைய வறையைத் தின்று பால் சுரந்த தாய்மார் ஊரில் பலர் இருந்தார்கள். அவளுடைய சொந்தப் பிள்ளைக்கு மட்டும் அவளால் பால் கொடுக்க முடியவில்லை.

அவளுடைய கணவர் ஒரு வாடைக்காற்று நாளில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அப்போது அவள் நிறைமாதம். பிள்ளை பிறந்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. என் அம்மா வறை வறுத்துக் கொடுத்தாள், பால் சுரக்கவில்லை. கஞ்சித் தண்ணீரில் அந்தப் பெண்பிள்ளை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. அறுவடை முடிந்ததும் கிரான் பக்கத்து "வட்டை"களிலிருந்து, அதாவது வயல்வெளிகளிலிருந்து, நெல்லை வண்டியில் ஏற்றிவந்து கருவாட்டுக்கு மாற்றிப் போகிறவர்கள் அந்த நாட்களில் எங்கள் கரைக்கு வருவார்கள். அவர்களில் தெய்வானை என்று பிள்ளையில்லாத ஒரு பெண் இருந்தாள். சின்னம்மாவின் பாயருகே குந்தியிருந்து அவள் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

"எங்கட பட்டியில மாடு கறக்குது கா. புள்ளையத் தா, வளத்துத் தாறன். அது நடக்கத் துவங்கினா வந்து கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் அந்தப் பிள்ளை, பூமணி, கிரானுக்குப் போனாள். பிள்ளை நடக்கத் தொடங்கியபோது சின்னம்மா காய்ச்சலிலிருந்து எழும்பி எங்கள் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கூட்டிவந்து எங்கே வளர்ப்பது? முதலில் ஒரு குடிசை போடவேண்டும் என்றாள். குடிசை போட்ட வருஷம் மாரிவெள்ளம் அதைக் கொண்டுபோனது. மறுவருஷம் திரும்பப் போட்டாள். இதற்கிடையில் கிணற்றடியில் பெண்கள் அவளைப் பற்றிப் பேச ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள்: "பெத்துப் போட்டுட்டுக் கிறுகியும் பாக்காமப் போனவள்." கிறுகுதல் என்றால் எங்கள் பக்கத்தில் திரும்புதல். அப்படிச் சொன்னவர்களில் பலர் அவளுடைய வறையைத் தின்றவர்கள். சின்னம்மா ஒவ்வொரு அறுவடைக்கும் கிரான் வண்டியில் கருவாடும், தைத்த சட்டை ஒன்றும் கொடுத்தனுப்பியதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் நாவுக்குச் சுகமாக இருந்தது. சுகமான வாக்கியத்தை ஊர் இலகுவில் கைவிடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆறு வற்றி, கரையோரம் வெடித்த சேற்றுநிலம் வெள்ளையாக விரியும். அங்கேதான் ஆக்காட்டி முட்டையிடும். நீண்ட மஞ்சள் காலும், கண்ணோரம் சிவந்த சதையுமாக, ஆட்களைக் கண்டால் அலறி ஊரைக் கூட்டும் பறவை அது. அதற்குக் கூடு கிடையாது. வெறுந்தரையில் சிறு குழி, சுற்றிச் சில கிளிஞ்சல்கள், அவ்வளவுதான். உச்சி வெயிலில் அது தண்ணீருக்கு ஓடிப்போய், இறங்கி நின்று வயிற்று இறகை நனைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பிவந்து முட்டையின்மேல் குந்தும். கொதிக்கிற மண்ணில் முட்டை அவிந்துவிடாமல் தன் வயிற்று ஈரத்தால் குளிர்விக்கும். இதை நான் கண்டல் மரத்தின் பின்னால் படுத்திருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த முட்டைகளை நாங்கள் எடுத்தது அந்தப் பறவையின் உதவியால்தான். குழியை விட்டுத் தூரத்தில் நாங்கள் நின்றால் அது சும்மா கத்தும். நெருங்க நெருங்கத் தொண்டை கிழியக் கத்தித் தலைக்கு மேலே பாயும். "கத்துது கத்துது, இன்னும் கிட்டப் போ!" என்று நாங்கள் ஒருவரையொருவர் ஏவுவோம். அது எவ்வளவு பாசத்தோடு அலறியதோ அவ்வளவு சரியாக முட்டை இருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது.

சுறாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு நாள் கரைவலையில் பெரிய பால்சுறா ஒன்று வந்திருந்தது. சின்னம்மா அதைப் பலகையில் போட்டு வயிற்றைக் கீறினாள். கீறியவள் கத்தியைச் சட்டென்று மணலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உள்ளே குட்டிகள் அசைந்துகொண்டிருந்தன. விரல் தடிப்பில், கண் திறந்து, அச்சாகத் தாயைப் போலவே. ஒவ்வொன்றின் நெஞ்சடியிலிருந்தும் ஒரு கொடி தாயின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"பாருடா மனே, கொடி. மீனுக்கும் கொடி இரிக்கு. உனக்கும் எனக்கும் இரிந்தது மாதிரி."

அவள் அந்தக் கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்து, உயிரிருந்த குட்டிகளை நனைந்த சாக்கில் சுற்றினாள். வலை உதறிக்கொண்டிருந்த சம்மாட்டி சிரித்தார்.

"என்ன கா செசிலி, சுறாக்கும் மருத்துவிச்சி வேலை துவங்கிட்டியா?"

"ஓம். உங்கட பொஞ்சாதிக்கும் நான்தானே வறை வறுத்துக் குடுத்த. அந்தப் பால் குடிச்ச வாய்தானே உங்கட மகன் என்னை ஏசுற வாய்?"

வாடியே சிரித்தது, சம்மாட்டியும் சிரித்தார். சின்னம்மா சாக்கைத் தூக்கிக்கொண்டு கடல்பக்கம் போகாமல் மணல்மேட்டைக் கடந்து ஆற்றுப்பக்கம் நடந்தாள். கண்டல் வேர்களுக்கிடையில் முழங்காலளவு தண்ணீர். ஏன் இங்கே விடுகிறாய் என்று கேட்டேன்.

"தாய் இதுகளை இப்படி ஒரு இடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கும். ஆழத்தில பெரிய வாயெல்லாம் இரிக்கே. இதுக்கெண்டு கரைக்கு வந்துதானே அது வலையில பட்டது."

குட்டிகள் முதலில் மல்லாந்தன, பிறகு ஒன்று புரண்டது, பிறகு இன்னொன்று. கலங்கல் அவற்றை மூடியது. நாங்கள் திரும்பி நடந்தோம். மணல்மேட்டின் உச்சியில் சின்னம்மா நின்று திரும்பிப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. பசியில் நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டடி வைத்துவிட்டு மறுபடியும் நின்று பார்த்தாள்.

அடுத்த வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்கு மாணவர் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு "தாயன்பு". பேச்சு என்றால் எங்கள் ஊருக்கு உயிர். திருவிழாக் கூத்தைப் பார்ப்பதுபோலக் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள், நல்ல இடத்தில் "ஆ" போடுவார்கள். பேசுவதற்கு என்னைப் பழக்கிய தமிழ் வாத்தியார் ஒரு சூத்திரம் சொல்லித் தந்திருந்தார்: "வெள்ளையைக் காட்ட வேணுமெண்டா பக்கத்தில கறுப்பை வை, தம்பி." நான் வெள்ளைக்கு ஆக்காட்டியை எடுத்துக்கொண்டேன். கறுப்புக்குப் பால்சுறாவை எடுத்துக்கொண்டேன்.

என் பேச்சு இன்னும் எனக்கு மனப்பாடம். "கரையிலே ஒரு தாய், ஆக்காட்டி. தன் வயிற்று ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கிறாள். எதிரி வந்தால் உயிரைப் பணயம் வைத்து அலறுகிறாள். கடலிலே ஒரு தாய், பால்சுறா. பெற்றுப் போட்டுவிட்டுத் திரும்பியும் பாராமல் போகிறாள். பெரியோர்களே, இருவரில் யார் தாய்?"

இதை எழுதும்போது சின்னம்மாவை நினைத்து எழுதவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது முழு உண்மையல்ல. கிணற்றடி வாக்கியத்தைத்தான் இலக்கணமாக்கி மேடைக்குக் கொண்டுபோனேன். அதன் ஓசை ஏற்கெனவே என் காதில் நன்றாக ஊறியிருந்தது. சுறாவின் கொடியை நான் கண்ணால் கண்டவன். அதைச் சொன்னால் கறுப்பு கறுப்பாக நிற்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆக்காட்டியின் அலறல் முட்டையைக் காட்டிக்கொடுப்பதைச் சொன்னால் வெள்ளையும் வெள்ளையாக நிற்காது. இரண்டையும் தெரிந்தே விட்டேன். அறியாத பிள்ளை செய்த பிழை என்று இதை மன்னிக்க வருகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

அந்தத் திருவிழாவுக்குத்தான் பூமணி வந்தாள். சின்னம்மாவின் குடிசைக்குப் புதுக் கிடுகு வேய்ந்தாகிவிட்டது. திருவிழா முடிந்ததும் பிள்ளை தாயோடு நின்றுவிடுவது என்று தெய்வானையோடு பேசி முடிவாகியிருந்தது. அது எனக்கும் தெரியும். தெய்வானை சைவக்காரி, ஆனாலும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பந்தலில் முன்வரிசையில், பூமணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நீலச் சட்டை, சின்னம்மா தைத்தது. பெற்ற தாய் உரிமை கொண்டாடி நெருங்கவில்லை. பிள்ளை தன் முகத்துக்குப் பழகட்டும் என்று ஓர் ஆள் இடம் விட்டு இருந்தாள்.

"இருவரில் யார் தாய்?" என்று நான் கேட்டதும் பந்தல் கைதட்டியது. கைதட்டிக்கொண்டே பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாகச் சின்னம்மாவின் பக்கம் திரும்புவதை மேடையிலிருந்து கண்டேன். பின்னாலிருந்து ஓர் இளந்தாரிப் பையன் சத்தம் போட்டான்: "சுறா இஞ்சதான் இரிக்குடா!" சிரிப்பு எழும்பியது. அந்தச் சிரிப்பை நான் என் பேச்சுக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு, அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.

பரிசாக ஒரு கண்ணாடிக் குவளை தந்தார்கள். அதைப் பிடித்தபடி நான் இறங்கி வந்தபோது, கோவில் வாசலில் சின்னம்மா பூமணியின் முன்னால் குந்தியிருந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை தெய்வானையின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"நான் சுறாவோட போகமாட்டன். அது கிறுகியும் பாக்காது."

தெய்வானைக்கு முகம் கறுத்துவிட்டது. "சின்னப் புள்ள, விளங்காமச் சொல்லுது. நீ தூக்கிட்டுப் போ கா. ரெண்டு நாள் அழும், மறுகா சரியாப் போயிரும்."

சின்னம்மா நீட்டிய கைகளை மெதுவாக மடக்கித் தன் மடியில் வைத்தாள்.

"வேணாம் கா. பயந்து வாற புள்ளைக்குச் சோறு இறங்காது. இப்ப கொண்டு போ. மறுகா பாப்பம்."

வண்டி போனபிறகு அவள் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்தாள்.

"நல்லாப் பேசினாய் மனே. ஒரு இடத்திலயும் தடுக்கல்ல." பிறகு, "அந்தக் கொடியைச் சொல்லல்லியே?" என்றாள்.

"நேரம் காணாது சின்னம்மா" என்றேன்.

"ஓம், ஓம். நேரம் காணாதுதான்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அந்தக் குவளையை அலுமாரியின் பின்தட்டில் கவிழ்த்து வைத்தாள். அதில் யாரும் ஒருநாளும் தண்ணீர் குடிக்கவில்லை.

அவள் சொன்ன "மறுகா", அந்தப் பிறகு, வரவேயில்லை. இரண்டு தரம் சின்னம்மா கிரானுக்கு நடந்துபோய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள் என்று பிற்பாடு அறிந்தேன். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்ததாம். கூப்பிட மனம் வரவில்லையாம். ஊர் அவளுக்குச் "சுறாச் செசிலி" என்று பெயர் வைத்தது. பிரசவமான வீடுகள் மட்டும் அவளை மறக்கவில்லை. வறைக்கு ஆளனுப்புவார்கள், அவளும் போவாள். நான் படித்து, விலங்கியல் ஆசிரியனாகி, வெளியூர்ப் பாடசாலைகளில் சுறாவின் கருவளர்ச்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கொடியை வரையும் இடத்தில் சுண்ணக்கட்டி ஒவ்வொரு தரமும் முறிந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும்; முறியவில்லை. மிக நன்றாகவே வரைந்தேன். நான் வெளியூரில் இருந்த ஒரு மாரியில் சின்னம்மா செத்தாள். செத்தவீட்டுக்கு நான் வந்துசேரவில்லை; பூமணிக்கு யாரும் அறிவிக்கவில்லை.

இப்போது நாவற்குடாவில் மகளோடு இருக்கிறேன். போன கச்சான் காலத்தில், இனியும் தள்ளிப்போட்டால் ஆளே இருக்கமாட்டேன் என்று தோன்றி, கிரானுக்குப் போனேன். பூமணி பேரப்பிள்ளைகள் கண்டவள். வளவில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, தயிர் கரைத்துத் தந்தாள். தெய்வானையை அவள் அம்மா என்றும் சின்னம்மாவைக் "கடற்கரையம்மா" என்றும் சொன்னாள். நான் வாயெடுக்குமுன் அவளே தொடங்கினாள்.

"ஒண்டு மட்டும் மறக்குதில்ல அண்ணன். கோவிலடியில வச்சுக் கடற்கரையம்மாவைச் சுறாவெண்டு சொல்லிப் போட்டன். அந்த வயசில எனக்கு அந்தச் சொல் எங்கால வந்ததெண்டும் தெரியா. நான் செய்த பாவம். இண்டைக்கும் சுறாக் கறி எங்கட அடுப்பில ஏத்துறல்ல."

அந்தப் பாவத்தை அவள் இத்தனை காலம் தனதென்று சுமந்திருக்கிறாள். ஒலிபெருக்கி வைத்த மேடைகளில் ஒரு நாளும் தடுக்காத என் நாக்கு அன்று தடுக்கித் தடுக்கித்தான் பேசியது.

"அது உன்ட சொல் இல்ல தங்கச்சி. நான் தந்த சொல்."

எல்லாவற்றையும் சொன்னேன்: கிணற்றடி, வாத்தியார், குவளை, நான் விட்ட இரண்டு விஷயங்கள். கொடியையும் சாக்கையும் கண்டலடித் தண்ணீரையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டையில் கட்டி நின்ற பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பசுவுக்கு ஒரு பிடி வைக்கோல் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் குட்டியள் பிழைச்சிருக்குமா?"

"தெரியா தங்கச்சி."

"விட்டுட்டு வரக்குள்ள, அவ கிறுகிப் பாத்தவவா?"

"ஓம். ரெண்டு தரம். நான்தான் கையப் பிடிச்சு இழுத்த."

"அந்த இடத்தைக் காட்டுங்க அண்ணன்" என்றாள்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலைக்குப் பிறகு எங்கள் ஊர் அங்கே இல்லை. வாடி இல்லை, கிணறு இல்லை. மணல்மேடு கரைந்து வேறிடத்தில் திரண்டிருக்கிறது. கண்டல் முழுவதும் போய்விட்டது. வலைக்காரப் பையன் ஒருவனிடம் பால்சுறா படுகிறதா என்று கேட்டேன். முன்னைப்போல இல்லை ஐயா, எப்போதாவது ஒன்று என்றான். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்போது கடையில் பால்மாப் பேணி இருக்கிறது. வெறுந்தரையில் எங்கேயோ ஓர் ஆக்காட்டி எங்களைக் கண்டு அலறியது. நான் அந்தப் பக்கம் போகாமல் பூமணியைச் சுற்றி அழைத்து வந்தேன்.

"எந்த இடம் அண்ணன்?"

எதிரே ஒரே தண்ணீராகக் கிடந்தது. ஏதாவது ஓர் இடத்தை நோக்கி விரலை நீட்டியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், அவளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும், சொல்லவும் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியல்ல தங்கச்சி. இடம் மாறிப் போச்சு."

அவள் செருப்பைக் கழற்றி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஈரச் சேலையோடு கரையேறி, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மணலில் ஏறும்போது நின்று திரும்பிப் பார்த்தாள். நான் இழுக்கவில்லை. அவள் பார்த்து முடியும்வரை நின்றேன்.